மலர் அச்சுக்குப் போகும் முன்: கொடையாளர் வரலாறு எழுதும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களில் நூற்றாண்டு மலர் தயாரிக்கும் குழுவினருக்கும், குடும்ப அறக்கட்டளைகளை நடத்தும் பங்காளிகளுக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடம் கட்டிய ஐயாவுக்கு நூற்றாண்டு, ஊருணி வெட்டியவருக்கு நூற்றைம்பது என்று ஏதாவது ஓர் ஊரில் ஒரு மலர்க் குழு கூடிக்கொண்டேதான் இருக்கிறது. வாழ்த்துச் செய்திக்கு முதல் முப்பது பக்கம், விளம்பரத்துக்குக் கடைசி நாற்பது, நடுவில் ஐயாவின் வரலாறு நான்கு பக்கம். அந்த நான்கு பக்கமும் "செல்வக் குடும்பத்தில் தோன்றி, கல்விக்கு வாரி வழங்கிய வள்ளல்" என்ற ஒரே வரியை இழுத்து நீட்டியதாக இருக்கும். பெயரை மாற்றினால் பக்கத்து ஊர்க்காரருக்கும் பொருந்திவிடும்.

இந்த மடல் அந்த நான்கு பக்கத்தைப் பற்றியது. வணிகம் செய்தவரின் வரலாறு அவர் வீட்டுக் கணக்கிலும் பத்திரங்களிலும் இருக்கிறது. அவற்றைத் திறக்காமல் எழுதினால் அவர் எப்படிச் சம்பாதித்தார், எதை இழந்தார், எதை மனமுவந்து கொடுத்தார் என்பது எதுவுமே தெரியாமல் போகும். உதாரணத்துக்கு, காரைக்குடியில் கல்லூரி கண்ட தொழிலதிபர், கோட்டையூர் வள்ளல் அழகப்பரையே எடுத்துக்கொள்கிறோம். அவரைப் பற்றிய பொதுப் பதிவுகள் நிறைய இருப்பதால், எந்த இடத்தில் பிழை நுழையும் என்று காட்டுவது எளிது.

முதல் பிழை பிறந்த நாளிலேயே வரும். அழகப்பர் பிறந்தது 6-4-1909. தமிழ்க் கணக்கில் அது கீலக வருடம், பங்குனி மாதம். ஜாதகக் குறிப்பு மட்டும் கையில் இருப்பவர் பஞ்சாங்கத்தின் வருடப் பட்டியலைப் பார்ப்பார். அதில் கீலக என்பதற்கு நேரே 1908 என்று இருக்கும், அப்படியே எழுதிவிடுவார். சித்திரையில் தொடங்கிய கீலக, 1909 ஏப்ரல் நடுப்பகுதி வரை ஓடியது என்பது நினைவுக்கு வராது. தை, மாசி, பங்குனி என்று கண்டால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். மார்கழி நடுவில் ஆங்கில ஆண்டு மாறுவதால் அந்த மாதத்துக்குத் தேதியையும் பார்க்க வேண்டும். அவர் மறைந்தது 5-4-1957. அது துன்முகி வருடப் பங்குனி. பட்டியலில் துன்முகிக்கு நேரே 1956. ஆக ஒரே வாழ்க்கையில் இரண்டு முனையிலும் ஒரே பிழை. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் தவறாக எழுதினாலும் வயது 48 என்று சரியாகவே வந்து நிற்கும்! அதனால் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணிலும் படாது. 48 நிறைய அவருக்கு ஒரே ஒரு நாள் பாக்கி இருந்தது என்ற செய்தி மட்டும் காணாமல் போய்விடும்.

வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். 1848இல் தொடங்கியதும் கீலகதான், 1968இல் தொடங்கியதும் கீலகதான். கொள்ளுத்தாத்தா காலத்து ஓலையில் வருடப் பெயர் மட்டும் இருந்தால், அதே ஓலையில் வரும் வேறோர் ஆளையோ நாணயத்தையோ கொண்டு எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள். சித்திரை முதல் தேதியைப் பழைய ஆண்டுகளுக்கும் ஏப்ரல் 14 என்றே வைத்து எண்ணாதீர்கள். பின்னோக்கிப் போகப் போக அது 13, 12, 11 என்று இறங்கும். திவசம் வரும் நாளைப் பார்த்து மறைந்த தேதியை எழுதுவது இன்னொரு வழக்கம். திவசம் திதியைப் பின்பற்றும், ஆங்கிலத் தேதியோ ஆண்டுக்கு ஆண்டு நகரும்.

அடுத்தது ஊர். "சிவகங்கை மாவட்டம் கோட்டையூரில் பிறந்தார்" என்று மலரில் எழுதுவதில் குற்றமில்லை. ஆவணம் தேடப் போகும்போதுதான் அது காலை வாரும். 1909இல் சிவகங்கை ஜமீன் பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. இராமநாதபுரம் மாவட்டம் உருவானது 1910இல். இப்பகுதி அதிலிருந்து பிரிந்தது 1985இல். எனவே ஒரே குடும்பத்தின் தாத்தா, மகன், பேரன் மூவருக்கும் மூன்று மாவட்டப் பெயர்களில் தேட வேண்டியிருக்கும். பழைய பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. தகப்பனார் பெயரும் "ஆண்" என்ற சொல்லுமே இருக்கும். பெயரைத் தேடிவிட்டு, பதிவே இல்லை என்று திரும்பி வராதீர்கள்.

பெயர் விஷயத்தில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கம் தெரியாதவர் கையில் வரலாறு சிக்கினால் தலைமுறைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். மூத்த மகனுக்கு அப்பச்சியை, அதாவது தகப்பனாரை, பெற்ற ஐயாவின் பெயர். ஆகவே ஒன்று விட்டு ஒன்றாக அதே பெயர் வரும். அழகப்பரின் தகப்பனார் கே.வி.ஏ.எல். இராமநாதன் செட்டியார். அந்த "ஏ.எல்." இவருடைய ஐயாவைக் குறிக்கிறது; அவரும் அழகப்பர்தான். ஒரு ரசீதில் "அழகப்ப செட்டியார்" என்று மட்டும் இருந்தால், அது எந்த அழகப்பர் என்பதை விலாசத்தைக் கொண்டுதான் சொல்ல முடியும். விலாசம் என்று இங்கே சொல்வது முகவரியை அல்ல, கடைக்கு உரிய முன்னெழுத்துத் தொடரை. மலரில் முதல் முறை பெயர் வரும் இடத்தில் விலாசத்தை முழுதாகப் போடுங்கள். அழகுக்காக முன்னெழுத்தை வெட்டாதீர்கள்.

சுவீகாரம் போனவரானால் சிக்கல் இரட்டிப்பாகும். பிள்ளை கூட்டிய நாளிலிருந்து தகப்பனார் பெயர் மாறும், விலாசமும் மாறும். ஒரே ஆள் இருபது வயது வரை ஒரு பெயரிலும் அதன் பிறகு வேறு பெயரிலும் பத்திரங்களில் இருப்பார். தெரியாதவர் இவரை இரண்டு ஆளாக ஆக்கிவிடுவார், அல்லது பெற்றவரையும் கூட்டியவரையும் அண்ணன் தம்பியாக்கிவிடுவார். இதைத் தீர்க்க நம்மிடம் நல்ல ஆவணம் ஒன்று இருக்கிறது: கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம். இரு வீட்டுத் தகப்பனார் பெயர், ஊர், கோயில் எல்லாம் அதில் உண்டு. இளையாற்றங்குடி முதல் வேலங்குடி வரையிலான ஒன்பது நகரக் கோயில்களில் எது, எந்தப் பிரிவு என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பங்காளி யார், சம்பந்தி யார் என்பது அதிலேயே பாதி விளங்கிவிடும். மணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எழுதிக் கோயிலில் வைத்திருக்கும் புள்ளிக் கணக்கோடு ஒப்பிட்டால் மீதியும் விளங்கும்.

உறவுச் சொல்லைப் பதிவு செய்பவர் வெளியூர்க்காரரானால் இன்னொரு கண்ணி உண்டு. நமக்கு அப்பச்சி என்றால் தகப்பனார், கொங்கு நாட்டில் அது தாயைப் பெற்ற தாத்தா. கோயம்புத்தூரிலிருந்து வந்த தம்பி ஒலிப்பதிவைக் கேட்டு எழுதினால், "அப்பச்சி சொல்லித்தான் ஐயா பர்மா போனார்கள்" என்ற வாக்கியத்தில் ஒரு தலைமுறை கூடிவிடும். ஆச்சிகள் பேச்சை அப்படியே எழுதுங்கள். விளக்கத்தை அடியில் போடலாம்.

இனிக் கணக்கேடு. இதற்குத்தான் நாள் ஒதுக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவை பெரும்பாலும் மூன்று வகை. அன்றாட வரவு செலவு எழுதிய சிட்டை, ஆள்வாரியாகப் பெயர்த்து எழுதிய பேரேடு, ஆண்டு முடிவில் போட்ட ஐந்தொகை. மூன்றும் கிடைத்தால் ஐந்தொகையில் தொடங்குங்கள். மொத்த உருவம் அதில் தெரியும். பிறகு சந்தேகம் உள்ள இனத்துக்குப் பேரேடு, அதற்கும் கீழே போக வேண்டுமானால் சிட்டை. சிட்டையில் தொடங்கியவர்கள் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவார்கள்.

எண்கள் தமிழ் எண்களாக இருந்தால், எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள மயக்கத்தைக் கவனியுங்கள். க என்பது 1, உ என்பது 2, ச என்பது 4, எ என்பது 7, அ என்பது 8. ஏட்டின் தலையில் உள்ள உ பிள்ளையார் சுழி, அதைத் தொகையில் சேர்த்துவிடக் கூடாது. நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. குறிக்கு முன்னால் வரும் எண் பெருக்கும், பின்னால் வருவது கூட்டும். ௨௱ என்றால் 200, ௱௨ என்றால் 102. இதை மாற்றிப் படித்து, தர்மத்துக்குக் கொடுத்ததைப் பாதியாக்கியோ இரட்டித்தோ அச்சேற்றிவிட முடியும். பின்னங்களும் வரும்: மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. பங்கு பிரித்த கணக்கில் முந்திரி வரை இறங்கியிருந்தால் அது கஞ்சத்தனம் அல்ல, தாயாதிகள் பலர் என்று பொருள்.

ரூபாய்க் கணக்கில் நடக்கும் பிழை இன்னும் சாதாரணம். 1-8-0 என்றால் ஒரு ரூபாய் எட்டணா, அதாவது ஒன்றரை ரூபாய். 1.80 என்று தட்டச்சு செய்தால் கூட்டுத்தொகை எங்குமே ஒத்து வராது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. கணினியில் ஏற்றும்போது மூன்று தனித்தனிக் கட்டங்களில் போட்டுப் பிறகு மாற்றுங்கள். நயா பைசா வந்தது 1-4-1957. அழகப்பர் மறைந்தது அதற்கு நான்கு நாள் கழித்து. அவர் கொடுத்தது முழுக்க அணாக் கணக்கில்தான் இருக்க முடியும்.

தர்மத்துக்கு ஒதுக்கிய மகமை பேரேட்டில் எங்கே இருக்கிறது என்று தேடும்போது "தர்மம்" என்ற தலைப்பை மட்டும் தேடாதீர்கள். பல கடைகளில் அது சாமி பெயரிலேயே ஒரு கணக்காக இருக்கும். சாமிக்கு வரவு வைத்த பணம் கடையிலேயே வட்டிக்கு நிற்கும், வட்டியும் சாமிக்கே ஏறும். அந்த ஒரு பக்கத்தை இருபது ஆண்டுக்குத் தொடர்ந்து பார்த்தால் எந்த ஆண்டு வியாபாரம் செழித்தது, எந்த ஆண்டு படுத்தது என்று புகழுரையில் கிடைக்காத உண்மை கிடைக்கும்.

படுத்த ஆண்டுகளையும் எழுதுங்கள் என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறோம். பர்மாவில் கடை வைத்திருந்த குடும்பமானால் 1930 பொருளாதார மந்தத்தை ஒரு வரியில் தாண்டக் கூடாது. நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, ஈடாக வைத்த நிலம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசம் இருந்த நிலம் சுமார் 6 விழுக்காடு, 1937 வாக்கில் சுமார் 25. ஐந்தொகையில் பார்த்தால் சொத்து பெருகியதாகத் தெரியும். உண்மையில் கையில் இருந்த ரொக்கம் எல்லாம் நிலமாகி முடங்கியது. நிலத்தை இழந்த விவசாயிக்கு அது வேறொரு கதை, அதையும் ஒரு பத்தியில் சொல்லும் நேர்மை வேண்டும். 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது நடந்தே வந்தவர்கள், 1948க்குப் பின் நிலம் நாட்டுடைமையானது என்று தொடரும் இழப்பைச் சொன்னால்தான், அதற்கு நடுவிலும் ஊரில் பள்ளி நடத்தியது எவ்வளவு பெரிய காரியம் என்று இளையவர்களுக்கு உறைக்கும்.

தொழிலைப் பற்றி எழுதும்போது ஊர் எல்லையைத் தாண்டிப் போங்கள். அழகப்பர் பஞ்சாலை தொடங்கியது 1937இல், அன்றைய கொச்சி சமஸ்தானத்தில், திருச்சூருக்குப் பக்கத்தில். இன்றும் அந்த இடத்துக்கு அழகப்ப நகர் என்றே பெயர். ஆக ஆலையின் ஆவணம் காரைக்குடியில் இருக்காது, கேரளத்தில் தேட வேண்டும். அவர் நடத்திய ஜூபிட்டர் விமான நிறுவனத்தைப் பற்றி, "அரசு எடுத்துக்கொண்டது" என்று எழுதிவிடும் ஆசை வரும். 1953இல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்க்கப்பட்ட எட்டு நிறுவனங்களின் பட்டியலில் ஜூபிட்டர் இல்லை. அதற்கு முன்பே அது பறப்பதை நிறுத்திவிட்டது. தொழில் ஒன்று கைகூடாமல் போனது என்று எழுதுவதால் வள்ளலின் உயரம் குறையாது.

கொடைக்கு வருவோம். ஒரு கொடைக்கு ஐந்து தேதி உண்டு: அறிவித்த நாள், பத்திரம் பதிந்த நாள், பணம் கைமாறிய நாள், கால்கோள் நாள், திறந்த நாள். மலர்கள் கடைசித் தேதியை மட்டும் போடும், அதுவும் தலைவர் படம் இருப்பதால். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். நேரு அடிக்கல் நாட்டியது 25-7-1948, ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது 14-1-1953. இடையில் நாலரை ஆண்டு. உங்கள் ஊர்க் கொடையிலும் அப்படி ஓர் இடைவெளி இருக்கும். நிலத்தை அளந்தது யார், கிணறு எங்கே வெட்டினார்கள், செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது, தவணை எப்போது தாமதமானது என்பதெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கும். நேர்மாறான வேகமும் உண்டு. 1947இல் சென்னைக் கூட்டம் ஒன்றில் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று பேசினார். அதே ஆண்டிலேயே காரைக்குடி காந்தி மாளிகையில் அழகப்பர் கல்லூரி நடக்கத் தொடங்கியது. கட்டடம் வரும்வரை காத்திருக்கவில்லை என்பதே அந்த மனிதரின் குணத்தைச் சொல்லிவிடுகிறது, அடைமொழி தேவையில்லை.

கொடுத்தவர் எதற்குக் கொடுத்தார் என்பதையும் பத்திரத்தைப் படித்தே எழுதுங்கள். சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் பெயர் தந்த பச்சையப்பர் உயில் எழுதியது 22-3-1794, மறைந்தது அதே மாதம் 31. அவர் பெயரில் பள்ளி தொடங்கியது 1-1-1842. அவர் உயிலில் முன்னின்றது கோயில் கட்டளையும் தர்மமும். வழக்கு நடந்து, சேர்ந்திருந்த உபரிப் பணம் நீதிமன்றத்தின் வழியாகக் கல்விக்குத் திரும்பியது. "கல்வி வள்ளல் பள்ளி கட்டச் சொன்னார்" என்று எழுதினால் இடையில் உழைத்த 48 ஆண்டுக் காலத்து மனிதர்கள் அத்தனை பேரும் அழிந்துபோகிறார்கள். உங்கள் ஐயாவின் அறக்கட்டளையும் இன்று செய்வது வேறு, அவர் எழுதியது வேறு என்றால் இரண்டையும் அச்சிடுங்கள்.

பத்திரம் எடுக்கும் வழி இது. இணையத்தில் வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) எல்லாப் பழைய ஆண்டுகளுக்கும் எளிதாகக் கிடைக்காது. கிடைக்காத ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். அசையாச் சொத்து 1ஆம் புத்தகம், உயிலும் சுவீகார அதிகாரமும் 3ஆம் புத்தகம், மற்றவை 4ஆம் புத்தகம். 1ஆம் புத்தகத்துக்குப் பெயர் அட்டவணை ஒன்று, சொத்து அட்டவணை ஒன்று. பழைய சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு போனால் சொத்து அட்டவணைதான் வேகம். பெயரில் தேடினால் மேலே சொன்ன விலாசக் குழப்பம் வந்து நிற்கும். எழுதியவர் காலமான பிறகு அவர் உயிலின் நகலை யாரும் கேட்கலாம். 4ஆம் புத்தகத்து நகல் மட்டும் சம்பந்தப்பட்டவர்களுக்கே கிடைக்கும், ஆகவே மனுவில் வாரிசு ஒருவர் கையெழுத்து வேண்டும்.

பாகப்பிரிவினை வழக்கு நடந்த குடும்பமானால் அந்தத் தீர்ப்பு நகலைத் தேடுங்கள். சண்டை என்று ஒதுக்காதீர்கள். சொத்துப் பட்டியல், கடைகளின் பெயர், யார் யாருக்கு என்ன முறை என்று எதிர்த்தரப்பு வக்கீலும் ஒப்புக்கொண்ட வரலாறு அதில்தான் இருக்கும். சண்டையின் வசைகளை மலரில் போட வேண்டியதில்லை. உயிரோடு இருப்பவர்கள் பற்றிய பகுதியை அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

படமும் தாளும் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் அக்கறைதான். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லாமினேஷன் செய்தால் திரும்பப் பிரிக்க முடியாது. குண்டூசியும் இரும்புக் கிளிப்பும் துரு ஏற்றும், கழற்றிவிடுங்கள். ஏட்டுக்குப் பக்க எண் போடப் பென்சில் மட்டும் போதும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் ஆல்பத்தோடு படம் எடுங்கள். வருடுவதானால் எழுத்துக்கு 300, படத்துக்கு 600 புள்ளி அடர்த்தி. மூலப் பிரதியை டிஃப் கோப்பாக வைத்து, அச்சகத்துக்கு அதிலிருந்து நகல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அட்டைக்குப் போடும் வழக்கம் போதும் நிற்கட்டும். படத்தின் பின்புறத்தையும் வருடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் ஊரும் அங்கேதான் இருக்கும். குழுப் படத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். நிற்கும் வரிசையில் உள்ள கடை ஊழியர்களான மேலாள், அடுத்தாள், கணக்கப்பிள்ளை பெயர்களை ஊரில் எண்பது தாண்டியவர்களிடம் இந்த ஆண்டே கேட்டுவிடுங்கள். இருவரைத் தனித்தனியாகக் கேளுங்கள். "பார்த்தது", "கேட்டது" என்று பக்கத்தில் குறியுங்கள்.

அச்சான பழைய பத்திரிகை, அழைப்பிதழ் தேவைப்பட்டால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்கள். அதன் மூலத் தொகுப்பைச் சேர்த்த முத்தையாவும் கோட்டையூர்க்காரர்தான். அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். பழைய பட்டங்களுக்கு அந்தந்த ஆண்டுக் கெஜட்டைப் பாருங்கள், பத்மபூஷணுக்கு அரசுப் பட்டியலே போதும். அழகப்பர் அதில் 1956இல் இருக்கிறார். அழைப்பிதழில் "சர்" இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டே தேதியில்லாத தாளின் காலத்தைச் சொல்லிவிடலாம். சுதந்திரம் வந்ததும் அவர் அதைத் துறந்துவிட்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பங்காளிகள் கூடி வீட்டை விற்க முடிவு செய்தால் முதலில் போவது கதவும் தூணும் அல்ல, இரண்டாம் கட்டு அறையில் கிடக்கும் தகரப் பெட்டிகள். பெட்டி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைக்குப் போகும், உள்ளே இருக்கும் பேரேடு எடைக்குப் போகும். விலை பேசும் முன், எழுத்துப் படிக்கத் தெரிந்த இருவரை அனுப்பி, எந்தப் பெட்டியில் எந்த வருடத்து ஏடு என்று ஒரு தாளில் பட்டியல் எழுதிவிடுங்கள். மலரில் நான்கு பக்கம் கூட்டுவதானாலும் குறைப்பதானாலும் அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய கணக்கேடு படிப்போர் சிலர்